எஸ்டிமேட்டில் இல்லாத சரிவு

நடைபாதை போடுகிற வேலைக்கு வந்தவனுக்குத் தரையைப் பார்த்தே நடக்கிற வியாதி வந்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வாசற்படியின் உயரத்தைத்தான். சிலாப்பில் கால் இடறி, போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போகிற உங்களைப் போலத்தான் நானும். என்ன, நான் திட்டுவது என்னையே. தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டிக் கடைவீதி ஒன்றில், கண்டிராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராக இருந்தபோது நடந்தவை இவை.

மிட்டாய்க் கடை வாசல்

கரிசல் மண் வெயிலில் பிளக்கும், மழையில் உப்பும். அதைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டினால்தான் சிலாப் நிற்கும். நாங்கள் தோண்டிக் குவித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. வீதி முழுக்கக் களி. ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். சரளை லாரி வருமா என்று நான் முக்குக்கும் வீதிக்குமாக அலைந்தேன். கடலை மிட்டாய்க் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்:

“தம்பி, அரைக் கிலோ மிட்டாய் வாங்க வாரவன் ரெண்டு கால்லயும் ரெண்டு கிலோ மண்ணு அள்ளிட்டுப் போறான். அதுக்கும் நான்தான் பொட்டலம் கட்டணுமா?”

ஏறிய நூல்

நடைபாதை முக்கால் அடி உயரம் என்று நூல் கட்டிவிட்டுப் போவேன். காலையில் வந்தால் ஜவுளிக்கடை முன்னால் நூல் நாலு விரற்கடை ஏறியிருக்கும். இறக்கிக் கட்டுவேன். மறுநாள் மறுபடி ஏறியிருக்கும். ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்து அடுத்த கடைக்காரரும் ஏற்றினார். எனக்கோ வேலை முடிய வேண்டுமே என்ற அவசரம், விட்டுக்கொடுத்தேன். கடைசியில் நடைபாதை ஒன்றேகால் அடியில் போய் நின்றது. தப்பு என்னுடையதுதான். ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் கேட்டதற்கு அவர் சொன்னது:

“ரோட்டை நீங்க தார் போட்டுப் போட்டு ஏத்துதீங்க, மழைத் தண்ணி எங்கடைக்குள்ள வருது. நான் நூலை ஏத்துனா மட்டும் குத்தமாக்கும்?”

எஸ்.டி.டி. பூத்

நடைபாதை முடிகிற இடத்தில் முத்துலட்சுமியின் போன் பூத். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துபோன பெண். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் வருவாள். அந்த பூத்தை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. காங்கிரீட் இறுகிய காலையில் அவள் வண்டி ஒன்றேகால் அடிக்குக் கீழே, ரோட்டில் நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். பூத் வாசலில் காத்திருந்தவர்கள் வேறு பூத்தைத் தேடிப் போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய், “ஆள் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்லட்டுமாம்மா?” என்றேன்.

“இன்னைக்குத் தூக்குவீங்க அண்ணாச்சி. நாளைக்கு நீங்க அடுத்த தெரு வேலைக்குப் போயிருவீங்கல்லா?”

சம்மட்டி

எஸ்டிமேட்டில் சரிவு கிடையாது. இருந்தாலும் மிஞ்சிய ஜல்லி, சிமெண்டைக் கொண்டு நடைபாதையின் முனையில் பத்தடி நீளத்தில் ஒரு சரிவு போட்டேன். முத்துலட்சுமி ஏறினாள். கூடவே ஊரிலுள்ள டி.வி.எஸ். 50 எல்லாம் ஏறி நடைபாதையில் வரிசையாக நின்றன. நகராட்சி எஞ்சினியர் வந்தார், பார்த்தார், “யாரைக் கேட்டுய்யா போட்டே? உடை!” என்றார். கொத்தனார் சம்மட்டியை ஓங்கிவிட்டார். என் கால் நிற்காமல் அங்குமிங்கும் நடந்தது. முத்துலட்சுமி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து சரிவின் நடுவில் நிறுத்தினாள்.

“உடைச்சா பைக்கும் ஏறாது, நானும் ஏற மாட்டேன் சார். இந்த ரெண்டுல எது ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டு உடைங்க.”

அந்த வீதியில் நான் ஒழுங்காக நூல் பிடித்துப் போட்டதையெல்லாம் குழாய் பதிக்கிறோம் என்று அடுத்தடுத்து வந்தவர்கள் தோண்டிப் போட்டுவிட, யாரையும் கேட்காமல் போட்ட அந்தப் பத்தடி மட்டும் இன்றுவரை அப்படியே கிடக்கிறது.