ஆடக்கூடாத மேசை

போன கிழமை மகள், வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று இணையத்தில் ஒரு மேசை வாங்கினாள். பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை நானே பூட்டிக் கொடுத்தேன் என்பதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவள் கணினியில் தட்டத் தொடங்கியதும் மேசையும் சேர்ந்து தலையாட்டியதில் அந்தப் பெருமை போய்விட்டது. பின்பக்கம் ஒரு பலகை அடித்தால் நிற்கும் என்று லண்டன் தோர்ன்டன் ஹீத்தில் மரம் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒருவர் பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார். சூடேறிய பசையும் மரத்தூளும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் வந்த காரியம் மறந்துவிட்டது. பல வருடங்களுக்கு முந்திய ஒரு சனிக்கிழமையில், பீற்றர் வீட்டுப் பின்னறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் லண்டனுக்கு வந்து இரண்டாவது வருடம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் வேலை. சனிக்கிழமைகளில் அறைத்தோழர் அன்ரன் அண்ணைக்குத் தச்சு வேலையில் எடுபிடி. அவர் மன்னார்க்காரர். ஊரில் வள்ளம் கட்டியவர். அதனால் அவர் செய்யும் அலுமாரிகூடப் புயலுக்குத் தாக்குப்பிடிக்கும். வேலைகள் பெரும்பாலும் அவர் போகும் கத்தோலிக்கக் கோயிலில்தான் கிடைக்கும். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளையான நானும் தவறாமல் போய்விடுவேன். எனக்கு அங்கே பிஸ்கற்றில் ஒரு பக்தி.

பீற்றர் அங்கேதான் அறிமுகமானார். தனியாக இருந்த வெள்ளைக்காரப் பெரியவர். தன் பின்னறைக்கு ஒரு மேசை வேண்டும் என்றார். அதன் மேல் ஒரு இரும்புப் பொறியைப் பூட்டி, அதன் கைப்பிடியை நாள் முழுக்க அழுத்தி இழுப்பாராம். எவ்வளவு இழுத்தாலும் மேசை ஒரு மயிரிழைகூட ஆடக்கூடாது. என்ன பொறி என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் தோட்டத்தில் பெரிய அப்பிள் மரம் ஒன்று நின்றது. பழம் பிழிந்து ஏதோ காய்ச்சப்போகிறார் என்று இருவரும் கண்ணால் பேசி முடிவு செய்துகொண்டோம்.

முதல் சனிக்கிழமை மேசையைக் கட்டினோம். நாலங்குலத் தடிப்பில் கால்கள், இரண்டு தடித்த பிளைவுட்டை ஒன்றாக ஒட்டிய மேற்பலகை. பீற்றர் வந்து கைப்பிடியை இழுப்பதுபோல முன்விளிம்பைப் பிடித்து அழுத்தினார். சரி என்றார். பிறகு மேல்நோக்கித் தூக்கினார். பின்கால் இரண்டும் நிலத்தில் நிற்க, மேசையின் முன்பக்கம் சும்மா எழும்பி வந்தது. அன்ரன் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அதைச் சுவரோடு சேர்த்து நீண்ட போல்ற் அடித்து இறுக்கினார்.

"இனி வீடு ஆடினாத்தான் இது ஆடும்," என்றார்.

பீற்றர் சந்தோஷமாகப் பொறியைக் கொண்டுவந்து, முன்காலுக்கு நேர் மேலே பூட்டினார். பக்கத்தில் ஒரு பிஸ்கற் தகரத்தை வைத்து மூடியைத் திறந்தார். என் கை தன்பாட்டில் பிஸ்கற்றுக்கு நீண்டது. உள்ளே மஞ்சள் பித்தளையில், ஐம்பது அறுபது வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதுகள்.

ஞாயிறு பின்னேரங்களில் தான் ஒரு சங்கத்தில் கடதாசிக் குறிக்குச் சுடுவதாகவும், சுட்ட கோதுகளை இந்தப் பொறியில் வைத்துத் திரும்ப மருந்து நிரப்பிக்கொள்வதாகவும், எல்லாவற்றுக்கும் அனுமதி இருப்பதாகவும் பீற்றர் விளக்கினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. என் வழக்குக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. என் வழக்கைப் பார்த்த ஈஸ்ட் ஹாம் சொலிசிற்றர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "வழக்கு முடியும் மட்டும் பொலிசோட ஒரு கதையும் வேண்டாம். டிக்கற் இல்லாமல் ரெயினிலகூட ஏறிப்போடாதையும்."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. பீற்றர் போய்க் கதவைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். பொலிஸ் உடுப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை செய்தது. எங்கள் ஊரில் சண்டை ஓய்ந்ததும் முதல் வேலை, முற்றத்தைக் கூட்டிக் கோதுகளைப் பொறுக்கிக் கிணற்றில் போடுவது. சோதனைக்கு வருகிற ஆமிக்காரர் கண்ணில் ஒன்று பட்டாலும் அந்த வீட்டு இளம் பிள்ளை திரும்பி வரமாட்டான். பீற்றரின் தோட்டத்தில் கிணறு இல்லை. மழைத்தண்ணீர் பிடிக்கும் பச்சைப் பீப்பாய் ஒன்று இருந்தது. தகரத்தோடு ஓடிப்போய் அத்தனையையும் அதற்குள் கவிழ்த்தேன்.

"விசரா, என்னடா செய்யிறாய்?" என்று பின்னால் வந்த அன்ரன் அண்ணை, சொல்லிக்கொண்டே பீப்பாயின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவரும் அதே நாட்டிலிருந்து வந்தவர்தானே. வெறும் தகரத்தை மூடிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டோம்.

பொலிஸ் உடுப்பில் வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். துப்பாக்கி பூட்டிவைக்கும் இரும்பலுமாரியைச் சோதித்து அனுமதியைப் புதுப்பிக்க வந்திருந்தார். எல்லாம் சரி என்றார், தேநீர் குடித்தார், புதிய மேசையைத் தட்டிப் பார்த்தார். பீற்றர் தன் கோதுகளைக் காட்டத் தகரத்தைத் திறந்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பொலிஸ் அம்மாவும் பார்த்தார்.

பேசாமல் இருந்தால் பீற்றரின் அனுமதிக்கு என்ன ஆகுமோ தெரியாது. பேசினால் என் வழக்கு போச்சு. அன்ரன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லாதை," என்று மெல்லமாகச் சொன்னார். ஆனால் பீற்றர் கோபிக்கவில்லை, குழம்பிப்போய் அந்த வெறும் தகரத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் தண்ணீரில் போட்டேன் என்றேன். ஏன் என்று அந்த அம்மா கேட்டதற்கு முற்றத்தையும் கிணற்றையும் சொன்னேன். ஆங்கிலம் எந்த இடத்தில் முடிந்து தமிழ் தொடங்கியது என்று ஞாபகமில்லை.

பீற்றர் தோட்டத்துக்குப் போய்ச் சட்டைக்கையை மடித்துவிட்டு, தோள்வரை பீப்பாய்க்குள் கையை விட்டார். நானும் விட்டேன். அந்த அம்மா ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது என் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு, எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

"சொல்லாதை எண்டு சொன்னனான்," என்றார் அன்ரன் அண்ணை. அன்று மாலை, பிடித்துப்போக வந்தால் கையோடு எடுக்க, ஒரு பையில் இரண்டு உடுப்பும் வழக்குக் கடிதங்களும் அம்மாவின் படமும் வைத்துக் கட்டிக் கதவடியில் வைத்தேன். அடுத்த இரண்டு கிழமையும் தொலைபேசி மணி கேட்டால் சோறு இறங்காது.

கடைசியில் அந்தப் பொலிஸ் அம்மா தொலைபேசி எடுத்தார். தன் கராஜில் பூச்சாடிகள் வைக்கும் மேசை ஆடுகிறதாம். பீற்றர் வீட்டில் பார்த்ததுபோல ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். "ஏலும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு அன்ரன் அண்ணையும் நானும் கட்டிலில் குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தோம். அந்த மேசையையும் அவர் சுவரோடு சேர்த்துத்தான் இறுக்கினார்.

வழக்கு வென்றேன். பீற்றர் காலமாகிவிட்டார். சுவரோடு இறுக்கியதைக் கழற்ற முடியாமல் மேசையையும் சேர்த்துத்தான் வீட்டை விற்றார்கள். அன்ரன் அண்ணை கனடாவுக்குப் போய் அங்கே மகனோடு இருக்கிறார்.

ஆனால் அந்தப் பையை நான் அவிழ்க்கவில்லை. பிரஜாவுரிமை கிடைத்த பிறகும், கல்யாணத்துக்குப் பிறகும், குடிபோன ஒவ்வொரு வீட்டிலும் அது கதவடியில் இருந்தது. மனைவியும் ஏன் என்று கேட்டதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகத் தொடங்கியபோது, அவளுக்குத் துவாய் வைக்கப் பை வேண்டும் என்று மனைவி அதைக் கொட்டி, கடிதங்களை மேசை லாச்சிக்குள்ளும் அம்மாவின் படத்தைச் சுவரிலும் வைத்திருக்கிறாள். சுவரில் படத்தைப் பார்த்தும், பை கதவடியில் இல்லை என்பதை நான் கவனிக்க நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதத்தில் வாசல் மணி எத்தனை தடவை அடித்தது, யார் யார் வந்தார்கள், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.