ஸ்டொக் காரில் நான் அடித்த மூன்று கோடுகள்

மெல்பேர்ன் பக்கம் டண்டினொங்கில் இரண்டு பட்டறைகள் என் கையால் எழும்பினவை. கோயில் தேருக்கு இரும்பு அச்சு உருக்கி ஒட்டிக் கொடுத்தவன் நான். இன்றுவரை அது ஆடவில்லை. இப்போது குடியிருக்கிற மாடிவீட்டின் படிக்கட்டும் வாசல் கேற்றும் நான் செய்தவைதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டியவன், இங்கிலீஷ் வாய்க்குள் சரியாக நுழையாதவன், இவ்வளவும் செய்தேன். இதில் ஒன்றையும் யாரும் மறுப்பதில்லை. நான் முதன்முதலாகச் செய்த வேலையை மட்டும் மறுக்கிறார்கள்.

மெல்பேர்னில் பழைய கார்களின் கண்காட்சிக்குப் போனவர்கள் அந்தக் காரைக் கண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் மண் ஓட்டத்திடலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிய பந்தயக் கார். ஸ்டொக் கார் என்பது இங்கே அதற்குப் பெயர். கறுப்பு நிறம், முன்மூடிப் பொனற்றில் மூன்று வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு வட்டம். பக்கத்தில் அதன் வரலாறு எழுதிய பலகை. முதலில் ஓட்டியவர் யார், பிறகு யார் வாங்கினார், யார் திருத்தினார் எல்லாம் அதில் உண்டு. இடையில் எங்கள் காலத்துக்கு ஒரே ஒரு வரி: சில ஆண்டுகள் ஒரு கோழிப்பண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்தது.

கோழிப்பண்ணையாம்! அது கிடந்தது எங்கள் வீட்டு வளவில்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. எங்களைக் கூப்பிட்டு எடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடையில் நின்று பழகியவர். இங்கே தகர டின் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாகனம் எடுத்து, அரிசியும் மிளகாய்த்தூளும் ஏற்றி, தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்று, பிறகு சொந்தக் கடை போடுவதுதான் அவருடைய திட்டம். அதைப் பற்றிப் பேசாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பேப்பரில் 'ஸ்டொக் கார் விற்பனைக்கு' என்று கண்டார். புறக்கோட்டையில் ஸ்டொக் என்றால் கடைச் சாமான். சாமான் ஏற்றுவதற்கென்றே ஒரு கார் செய்கிறான் வெள்ளைக்காரன் என்று மனிதருக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. நேரில் போய்ப் பார்த்துமா அந்த நினைப்பு மாறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே ஒரேயொரு இருக்கைதான் இருந்தது. மிச்ச இடமெல்லாம் சாமானுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. அம்மா அதை ஒருதரம் சுற்றிப் பார்த்தா.

"தம்பி, இந்தக் கதவை ஒருக்காத் திறந்து காட்டு பாப்பம்."

கதவு திறக்காது. இடிபட்டால் கழலாதபடி நாலு பக்கமும் உருக்கி ஒட்டிவிட்டிருந்தார்கள். கண்ணாடியும் இல்லை. றோட்டில் ஓட்ட ரெஜோ என்கிற பதிவும் கொடுக்க மாட்டார்கள். அதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னார்.

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே இடிந்து போயிருப்பார். மாமா ஒரு தேத்தண்ணி குடித்தார், எழும்பினார். "ஸ்டொக் ஓடாட்டி என்ன அக்கா, நிக்கட்டும். சனம் இஞ்ச வரும்" என்றார்.

வளவில் நின்ற அந்தக் கார் அப்படித்தான் கடையானது. அரிசி மூட்டை, பருப்பு, சீரகம், தூள் எல்லாவற்றையும் ஜன்னலால் உள்ளே தள்ளினோம். மழைக்குத் தறப்பாள். எடுத்துக் கொடுக்க மட்டும் ஆள் வேண்டும். இரும்புக் கம்பிகளுக்கு இடையால் நுழையக்கூடிய உடம்பு அந்த வீட்டில் எனக்குத்தான் இருந்தது. பதினொரு வயது. சனி ஞாயிறு முழுக்க என் தலை உள்ளே, கால் வெளியே. வாங்க வந்த அங்கிள்மார் என் பாதத்தைப் பார்த்துத்தான் கணக்குக் கேட்பார்கள்.

"கடையெண்டாச் சனம் உள்ள போகோணும். இஞ்ச என்ரை பிள்ளையைக் காலில பிடிச்செல்லோ இழுக்க வேண்டிக் கிடக்கு" என்று அம்மா குசினிக்குள் நின்று புறுபுறுப்பா.

மாமாவுக்கு இன்னொரு பிடிவாதம். கடை என்றால் முகப்பில் விபூதிக் குறி வேண்டும். பொனற்றில் மூன்று குறி, நடுவில் குங்குமப் பொட்டு. மெல்பேர்ன் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? காலையில் பூசினால் மத்தியானம் கரைந்துவிடும். திரும்பப் பூச ஆள் யார்? நான்தான். குளிரில் விபூதியைக் குழைத்துக் குழைத்து என் விரல் விறைத்துப் போகும்.

எனக்கு விசர் வந்தது. கூரைப் பீலிக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் கொட்டிலில் கிடந்தது. எடுத்து மூன்று கோட்டையும் அடித்தேன். துருவுக்கு அடிக்கிற சிவப்பில் பொட்டு. மூன்றாவது கோட்டுக்குக் கை எட்டவில்லை. பொனற்றில் வயிறு படுக்க ஏறி அடித்ததில் அது வலப்பக்கம் சரிந்துவிட்டது.

மாமா வேலையால் வந்து, குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். உதை விழும் என்று நின்றேன்.

"கொஞ்சம் சரிஞ்சுதான் போச்சு, மருமோன். ஆனா இனி ஒரு மழையும் ஒண்டும் புடுங்கேலாது."

நான் பெயின்ற் பிடித்த முதல் கார் அதுதான். என் பட்டறை தொடங்கியது அங்கேதான் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஒன்றரை வருடத்தில் மாமா உண்மையான கடை எடுத்தார். பழைய கார் சேர்க்கிற ஒருவர் வந்து எங்கள் காரை ஏற்றினார். கோட்டைக் கையால் தேய்த்துப் பார்த்தார். மாமா பதறிக்கொண்டு குறுக்கே போனார்.

"நோ றப், நோ றப். மை சன்-இன்-லா பெயின்ற்" என்று என்னைக் காட்டினார்.

அரைக் காற்சட்டையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், வேலிக்கு அப்பால் கேட்டிருக்கும். மருமகன் என்றால் இங்கிலீஷில் இரண்டு உண்டு, அக்காவின் மகனுக்கு ஒன்று, மகளின் புருஷனுக்கு ஒன்று, அதில் பிழையான மருமகனை எடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியும். மானம் போய்விட்டது என்று வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கண்காட்சியில் அந்தக் காரைத் திரும்பக் கண்டேன். என் மகள்தான் பலகையை வாசித்துச் சொன்னாள். கதவை வெட்டித் திறந்தபோது தரையில் தானியம் கிடந்ததாம், அதனால் கோழிப்பண்ணையாம். எங்கள் சீரகமும் பருப்பும்! மூன்று கோடும் முதலில் ஓட்டியவர் அடித்தவையாம். மூன்றாவது கோடு சரிந்திருப்பது வேகத்தைக் காட்டவாம். அந்தச் சரிவையும் அளந்து, அப்படியே புதுப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள்.

அடித்தவன் நான் என்று இப்போதைய சொந்தக்காரரிடம் மகளை விட்டுச் சொல்லுவித்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். தனக்கு விற்றவர் அந்தக் கதையைச் சொன்னதுதானாம், யாரோ ஒரு கிழவன் தன் மகளின் புருஷன் அடித்ததாகச் சொன்னானாம், விசாரித்தால் அந்தக் கிழவனுக்கு மகளே இல்லையாம்.

"அப்பா, நீங்கள் ஆருக்கு சன்-இன்-லா?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

மாமா இப்போது இல்லை. பிள்ளையும் இல்லாத மனிதர். அன்றைக்கு அவர் விலை பேசவில்லை, பகிடி விடவுமில்லை. அந்தக் காரில் என் பெயரைப் பதியச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயதில் எனக்குக் கேட்டது இங்கிலீஷ் பிழை மட்டும்தான்.

ஆகவே சொந்தக்காரருக்கும் கண்காட்சிக்காரருக்கும் சொல்லி வைக்கிறேன். கோழிப்பண்ணையை அழியுங்கள். அந்த இடத்தில் கடை என்று போடுங்கள். கோடு அடித்தது மருமகன் என்று தமிழிலேயே எழுதுங்கள். எழுத்து வெட்டித் தர நான் வருகிறேன், பெயின்றும் என்னுடையது.