ஆணி பிடுங்காத கட்டை

கன்னியம்மா குந்திக்கொண்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சோறு போன பிறகு, ராத்திரிக்கு உலை வைப்பதற்கு முன்னால் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம் அவளுக்கு இந்த வேலைக்குத்தான் சரியாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மெஷின்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். மெஷின் உள்ளே போனதும் பெட்டியை உடைத்து லோடு ஆட்டோவில் ஏற்றி விறகுக்கு விற்றுவிடுவார்கள். நன்றாகக் காய்ந்த மரம், சட்டென்று தீப்பிடிக்கும். ஒரே ரோதனை, கட்டைக்குக் கட்டை ஆணி. விரல் நீளத்துக்கு, முறுக்கு வைத்த ஆணி.

பிடுங்கின கட்டை சுவரோரம் இருக்கும். பிடுங்காதது எதிர்ப்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில். இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேறு யாரும் அந்தக் கட்டைகளைத் தொட்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஆறு வருஷமாக மெஸ் நடத்துகிறாள். முப்பத்திரண்டு பேர் சாப்பிடுகிறார்கள். ஒடிசா, பீகார் ஆட்கள். இரண்டு ஷிப்டுக்கும் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை கோழி. அத்தனையும் விறகடுப்பில்தான். அவள் புருஷன் தேசப்பன் இருபத்திரண்டு வருஷம் ரோலிங் மில்லில் இருந்தவன். போன வருஷம் கம்பெனி கை மாறியபோது பழைய ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வான். புதிதாக வருகிற ஆட்கள் அவனைத்தான் முதலாளி என்று நினைத்தார்கள். அவனும் அதைத் திருத்தவில்லை.

கோடாலி பிடித்துப் பிடித்து கன்னியம்மாவின் வலது தோள் ஆடி மாசத்திலிருந்து மேலே ஏறவில்லை. தலை பின்ன முடியாமல் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு அலைந்தாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இனிமேல் கோடாலியைத் தொட்டால் கை மடங்காமலே போய்விடும் என்று சொல்லிவிட்டார். கட்டையைத் துண்டு போடாமல் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாமல் மெஸ் இல்லை.

திருவள்ளூரில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற மகள் ஷைனிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் படம் காட்டினாள்.

"இத பாரும்மா. செயின் வச்ச ரம்பம். கரண்ட்ல ஓடும். பிளக்க சொருவி பட்டன அமுக்கினா போதும். நாலு கிலோதான். உன் சோத்துக் குண்டான விட லேசு."

"நான் தூக்க முடியுமா?"

"உனக்காகத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

தேசப்பன் போனை வாங்கித் தூரமாக வைத்துப் பார்த்தான். "பொம்ம வாங்கறதுக்கு பஸ் ஏறி புதுவாயல் போவணுமா?" என்றான். ஆனாலும் கூடப் போனான். மிஷின் வாங்குகிற இடத்துக்குப் பொம்பளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்பது அவன் கட்சி.

புதுவாயல் கூட்டு ரோட்டில் பச்சையப்பனின் கடை. தண்ணி மோட்டார், மருந்து அடிக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின் எல்லாம் வைத்திருந்தார். பொறுமையான மனுஷன். ரம்பங்களில் சின்னதை எடுத்து கன்னியம்மா கையில் கொடுத்தார். அவள் இடுப்பளவுக்குத் தூக்கிப் பார்த்தாள். இறக்கினாள். இன்னொரு தடவை தூக்கினாள். தோள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டை விரல் தானாகவே பட்டனில் போய் உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பதினாறு இஞ்ச். ஊட்டு வெறகுக்கு இது தாராளம்மா. யாரு ஓட்டப் போறீங்க?"

"நான்தாங்க."

"இன்னா மரம் அறுப்பீங்க?"

"பொட்டிக் கட்டைங்க. கம்பெனிலேந்து வரும். ஆணி..."

அந்த நேரத்தில் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பினார். துளசிராமன். மோட்டார் ரிப்பேருக்கு வந்திருந்தார். தேசப்பனின் அப்பா அவர் வீட்டு நிலத்தில்தான் சாகிறவரைக்கும் நாற்று நட்டார், களை பறித்தார், கதிர் அறுத்தார்.

"டேய், தேசப்பனா? இன்னாடா, மரம் அறுக்கற மிஷினா?" அவர் கடையில் இருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மிஷின் சரி, மரம் எங்கடா இருக்குது உனக்கு? எந்தத் தோப்புடா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பச்சையப்பன் சிரிக்கவில்லை. தேசப்பன் கன்னியம்மாவின் கையிலிருந்து அந்த ரம்பத்தை வாங்கி மேஜைமேல் வைத்தான்.

"பொட்டிக் கட்டயா? யாரு சொன்னது? வேலிகாத்தான் சார். ரெண்டு புளியமரம் வேற நிக்குது," என்றான்.

அவர்கள் சந்தில் துணி காயப் போடக்கூட இடம் கிடையாது. கன்னியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கயா நிக்குது?"

"வாய மூடிக்கினு நில்லு."

"புளிக்கு இது பத்தாது," என்றார் துளசிராமன். "நம்ம தோட்டத்துல பெட்ரோல்ல ஓடறது வச்சிருக்கோம். இருபத்திரெண்டு இஞ்ச். எங்க ஆளே ரெண்டு பேரு மாத்தி மாத்தித் தூக்குவானுங்க. இவன் எங்கேந்து தூக்கறது?"

"அதையே குடு," என்றான் தேசப்பன்.

"வாணாம்யா," என்றாள் கன்னியம்மா. "அத நான் தூக்க முடியாது."

"உன்ன யாரு தூக்கச் சொன்னா? நீ சோத்த ஆக்கு. மிஷின் நான் ஓட்டுவேன்."

பச்சையப்பன் அரை மனதோடுதான் பெரியதை இறக்கினார். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், செயினுக்கு எப்போது எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் நிறுத்திச் சொன்னார்: "ஆணி, கல்லு இதுக்கு ஆவாது. பட்டுச்சின்னா மூஞ்சிக்கு எகிறும். முக்கியமா, கட்டைய ஆளு கையில புடிக்கக் கூடாது. ஏதாச்சும் அண்டக் குடுத்து வச்சி அறுங்க."

தேசப்பன் இரண்டு கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினான். "ரோலிங் மில்லு. இருபத்திரெண்டு வருசம். எண்ணிக்கோ. பத்தும் இருக்குது."

பஸ்ஸில் அந்த அட்டைப்பெட்டியைக் கன்னியம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஞாயிறு. வேலை இருப்பதாகச் சொல்லி ஷைனி வரவில்லை. மெஸ் ஆட்களுக்கு லீவு; பத்துப் பன்னிரண்டு பேர் பின்பக்கம் வந்து நின்றார்கள். தேசப்பன் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தான். கயிற்றை இழுத்தான். கிளம்பவில்லை. ஐந்தாறு தடவை இழுத்த பிறகு ஒருத்தன் இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்னும் ஐந்தாறு தடவை இழுத்ததும் புகையோடு கிளம்பியது. சந்து முழுக்கச் சத்தம்.

சுவரோரம் இருந்த கட்டைகளைப் பார்த்தான். எல்லாம் மெலிசு. தார்ப்பாயைத் தூக்கி, அடியில் இருந்த சதுரக் கட்டை இரண்டை இழுத்துப் போட்டான்.

"அது புடுங்காததுயா!" கன்னியம்மா அவன் காதுகிட்டே போய்க் கத்தினாள். "ஆணி இருக்குது. அந்தாண்ட இருக்கறத எடு."

"அதெல்லாம் சுள்ளி. இதுக்கு அது கேவலம். இந்தா, புடி."

"கட்டய ஆளு புடிக்கக் கூடாதுன்னு..."

"மில்லுல ஒருத்தன் புடிப்பான், ஒருத்தன் அடிப்பான். எனக்கே சொல்றியா? புடி, மே!"

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் கடையில் பார்த்த அதே முகமாக இருந்தது. இப்போது மாட்டேன் என்றால் ராத்திரிக்கு என்ன நடக்கும் என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியும். பிடித்தாள்.

முதல் கட்டை வெண்ணெய் மாதிரி அறுந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். அவன் வாய்கூடக் கொஞ்சம் சிரித்தது. அவளும், சரி, இவன் தினமும் அறுத்துக் கொடுத்தாலும் நல்லதுதானே என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இரண்டாவது கட்டையில் பாதி போனபோது சத்தம் மாறியது.

கன்னியம்மாவின் இடது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மெஸ் ஆள் ஒருத்தன்தான் தன் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி ஆட்டோ பிடித்தான். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "எப்படி ஆச்சு?"

"அவளே ஓட்டினா சார்," என்றான் தேசப்பன். "வாணாம் வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேக்கல."

கன்னியம்மா ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். மயக்கம் ஒன்றும் இல்லை. அவளுடைய செருப்பு இரண்டையும் அவன் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். பத்து விரலும் தெரிந்தன. டாக்டர் எழுதினதைத் திருப்பிப் படித்துப் பார்த்து, "இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு இதெல்லாம்?" என்றார்.

அதற்குப் பிறகு அவன் சொன்னதே ஊர்ப்பேச்சு ஆயிற்று. டீக்கடையில் அவனே விஸ்தாரமாகச் சொன்னான். பொம்பளை கேட்கிறாளே என்று வாங்கிக் கொடுத்தானாம். அவன் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்துவிட்டாளாம். அதிலும் ஆணியை ஒழுங்காகப் பிடுங்காத கட்டையாம். துளசிராமன் பைக்கை நிறுத்தி அதையும் கேட்டுவிட்டுப் போனார்: "பொண்டாட்டிகிட்ட மிஷின குடுத்துட்டு நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த? சோறு ஆக்கினியா?"

ஷைனி லீவு போட்டு வந்து பத்து நாள் சமைத்தாள். முப்பத்திரண்டு பேர் பதினெட்டு ஆனார்கள். பரிமாறும்போது துண்டு கட்டின அந்த ஆள் வாசல் நாற்காலியைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் அவளிடம், "பையா மிஷின். அம்மா கட்டை புடிச்சான்," என்று கையால் செய்து காட்டினான். அவள் அப்பாவைப் பார்த்து, "நைனா, யாரு ஓட்டினது?" என்றாள். "உங்கம்மாவையே கேளு," என்றான்.

அம்மாவைக் கேட்பதற்குள் அடுப்பில் சோறு பொங்கிவிட்டது. இறக்கிக் கஞ்சி வடித்துவிட்டு, காய் வாங்க பஜாருக்குப் போனாள்.

கன்னியம்மா பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். மழை பெய்ததால் கட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டு போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்து, மேலே ஏறாத வலது கையால் சுத்தியலைக் கொடுத்து ஆணியை நெம்பிக்கொண்டிருந்தாள். மேலே பரணில் லுங்கி சுற்றி அந்த மிஷின் கிடந்தது.

தேசப்பன் உள்ளே வந்து கதவோரம் நின்றான்.

"புள்ள வந்து கேக்கும்," என்றான். "நீயே ஓட்டினன்னு சொல்லிடு."

ஆணி கொஞ்சம் மேலே வந்தது.

"எழுதினது எழுதினதுதான். இனிமே மாத்தினா ரெண்டு பேருக்கும்தான் பேஜாரு. அந்த ஆணிய நீ முன்னாடியே புடுங்கி வச்சிருந்தா இதெல்லாம் ஆவுமா? சொல்லு."

அவள் காலை மாற்றி மிதித்தாள்.

"பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? இன்னா, சொல்றியா?"

ஆணி கிரீச்சென்று கழன்றது. எடுத்து டப்பாவில் போட்டாள்.

"உன்னத்தான்மே கேக்கறேன்."

கன்னியம்மா அடுத்த கட்டையைக் காலால் தன் பக்கம் இழுத்து, ஆணி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள்.  வாசல் பக்கம் ஷைனியின் செருப்புச் சத்தம் கேட்டதும், கட்டைகளைத் தாண்டிப் பின்கதவு வழியாக வெளியே போனான்.