கண் வரையாத கட்டம்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த றோசாலிக்குச் சிங்களம் பேச வரும். ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் எழுபத்தெட்டாம் ஆண்டில் வாரம் தவறாமல் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகை வாங்கியவள் அந்த லயத்து வரிசை வீடுகளில் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை படங்களைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வாள். திங்கட்கிழமை மலையில் பறிக்க நிரை பிடித்ததும் கதை சொல்லத் தொடங்கிவிடுவாள். கை இரண்டும் கொழுந்தில் கிடக்க, வாய் மட்டும் காதலர்களோடு கொழும்பெல்லாம் சுற்றிவரும்.

அதில் ஒரு கதைமேல் அவளுக்கு உயிர். அதை வரைந்தவன் ஒரு மாதிரியான ஆள். மற்றவர்கள் கட்டத்துக்குக் கட்டம் முகமாக அடைத்து வைத்தால், இவன் ஒரு சோடிச் செருப்பை மட்டும் வரைவான். காதலர்கள் பிரிந்தால் பாதிப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவான்.

"வரையச் சோம்பல்பட்டு விட்டிருக்கான்," என்பாள் பக்கத்து நிரை மாரியாயி.

"அந்த வெள்ளையிலதான்டி அவ அழுவுறா. நல்லாப் பாரு."

மாரியாயியும் பார்ப்பாள். பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சுவாள்.

இந்தப் பெருமைக்கு ஆபத்து சந்தியில் காத்திருந்தது. ஷுக்ரி முதலாளியின் கடைக்கு மருமகளாக வந்திருந்த நளீரா சிங்களத்தில் படித்தவள். ஒரு ஞாயிறு, பெண்கள் வழக்கம்போல் கடைக்கு வெளியே நின்றபடி பத்திரிகையை விரித்தார்கள். கதாநாயகி காதலனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காத்திருக்கேன், வாங்கன்னு எழுதுறா," என்றாள் றோசாலி.

நளீரா எட்டிப் பார்த்தாள். "இல்லையே அக்கா. 'உங்கள மறந்துட்டேன், இனி வர வேணாம்'னுதான் இருக்கு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "இத்தன நாளும் அப்ப நீயா கட்டுன கதையாடி?" என்றாள் மாரியாயி.

றோசாலிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பத்திரிகையை விடாமல் மறுபடி பார்த்தாள். அந்தக் கட்டத்தில் பெண்ணுக்குக் கண்ணே இல்லை. முன்பு அந்தப் பெண் தன் ஆத்தாளிடம் பொய் சொன்ன கட்டத்திலும் வரைந்தவன் அவளுக்குக் கண் வரையவில்லை.

"இவன் பொய்க்குக் கண்ணு வரைய மாட்டான். அவ மனசாரச் சொல்லல. வர்ற வாரம் பாருங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அந்த வாரம் மலையில் ஒருவரும் கதை கேட்கவில்லை. கொழுந்து நிறுக்கும்போதுகூட மாரியாயி வேறு யாரோடோ பேசினாள். எழுத்துத் தெரியாதவள் என்று இதுவரை யார் சொன்னாலும் உறைக்காத றோசாலிக்கு அந்த ஐந்தாறு நாளும் அது உறைத்தது.

அடுத்த ஞாயிறு நளீரா பத்திரிகையை விரித்து வாசித்தாள். பாதியில் றோசாலி பக்கம் திரும்பினாள்.

"அவளோட அண்ணன் பக்கத்துல நின்னு மிரட்டி அந்தக் கடிதத்த எழுத வெச்சிருக்கான். அவ இன்னும் அந்தக் காதலனத்தான் நினைச்சிட்டிருக்கா, அக்கா."

மாரியாயி போட்ட கூச்சலில் சந்தியில் நின்ற பஸ்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். "எங்க றோசாலி அப்பவே சொன்னா!" என்று, தானே சொன்னவள்போல் கடை கடையாகத் தம்பட்டம் அடித்தாள்.

அடுத்த கதைக்கு நளீரா பக்கத்தைப் புரட்டினாள். வாசிக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, கடைக்குள்ளிருந்த முக்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்க அக்கா. எழுத்த நான் பார்க்கிறேன், கண்ண நீங்க பாருங்க."

றோசாலி தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியைச் சரிசெய்துகொண்டு முதல் தடவையாக அந்தக் கடைக்குள் போய் உட்கார்ந்தாள்.