எட்னா ராம்ஸ்டன் மூடிவைத்த அறை

எங்கள் தெருமுனையில் இருக்கும் ‘நீலக் கடா’ பப்பை எட்னா ராம்ஸ்டன் இருபத்தாறு வருடமாக நடத்துகிறார். கம்பளி வண்டிக்காரர்கள் தங்குவதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. 1974இல் லீட்ஸ் நகரசபை அதை இடித்துச் சாலையை அகலமாக்க முடிவு செய்தது. எட்னாவின் வீடும் அதன் மாடிதான். பப் போனால் இரண்டும் போய்விடும்.

பழைய கட்டடங்களைக் காக்கும் துறையிலிருந்து பிம் என்ற அதிகாரி வந்தார். பழமையானது ஏதாவது மிஞ்சியிருந்தால்தான் அவரால் இடிப்பைத் தடுக்க முடியும். சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“வெளிச்சுவர் மட்டுந்தாம்மா பழசு. உள்ள எல்லாத்தையும் பிளாஸ்டிக்கா மாத்திட்டீங்களே.”

அது பியர் கம்பெனியின் உத்தரவு. பப்பின் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். சின்னச் சின்ன அறைகளை உடைத்து ஒரே கூடமாக்கச் சொல்லி அப்போதே பதினொரு வருடம் ஆகியிருந்தது. எட்னா ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் உடைத்தார். ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் உட்கார்ந்து குடிக்கும் அறை அது. பக்கத்துச் சந்தில் தனி வாசல் உண்டு. கூடத்துப் பக்கம் பலகை அடித்து மூடி, உள்ளே இருந்ததை உடைத்தாயிற்று, இப்போது அது சாமான் அறை என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். உண்மை தெரிந்தால் அவரை வெளியேற்றிவிடுவார்கள்.

பிம் கிளம்பத் தொப்பியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பலகைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

“உள்ள யாரு?”

“சாமானுக்குச் சளி புடிச்சிருக்கு சார்,” என்றார் என் அப்பா வால்டர்.

எட்னா சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் பிம்மின் தொப்பியையே பார்த்தார்.

“வால்டர், அந்தச் சுத்தியல எடு.”

பலகை பெயர்ந்து விழுந்தது. கருத்த மரத் தடுப்பு, பூ செதுக்கிய கண்ணாடி, அதன் நடுவே கோப்பை நீட்டும் சிறு ஜன்னல். உள்ளே மூன்று பெண்கள் கறுப்பு பியரோடு உறைந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“அடிப்பாவி எட்னா, மானத்த வாங்கிட்டியே!” என்றாள் அவர்களில் ஒருத்தியான ஹில்டா. “என் வீட்டுக்காரரு வேற அங்க நிக்கிறாரு!”

பிம் கண்ணாடி முன் மண்டியிட்டுவிட்டார். “நூறு வருஷம் இருக்கும். ஊர்ல இப்படி ஒண்ணுகூட மிச்சமில்ல. யாரு மூடினது?”

“நான்தான். கம்பெனிக்குப் பொய் எழுதினேன். அதையும் குறிச்சுக்கோங்க.”

“பாதுகாத்தீங்கன்னுதாம்மா குறிப்பேன்.”

ஆறு வாரம் கழித்து, இடிக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. கம்பெனி மேலாளரும் வந்தார். அறைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டாரே தவிர, எட்னா எழுதிய பொய்யைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அன்று வழக்கம்போல் மதியம் பப்பை மூடிவிட்டு மாடியில் படுத்த எட்னா அயர்ந்து தூங்கிவிட்டார். ஐந்தரைக்குத் திறக்க வேண்டிய பப் ஆறேகாலுக்குத்தான் திறந்தது. வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூட அவரை எழுப்பவில்லை.