கோளாறில்லாத துப்பாக்கி

எங்கள் ஊரில் மான் வேட்டை தொடங்கும் நாளன்று பள்ளிக்கூடம் கிடையாது. பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் பாதி ஊர்களில் அப்படித்தான். வருஷம் முழுக்க தேவாலயப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்கூட அதற்கு முந்தின வாரம் லாமார் எபர்சோலின் கடைக்குத் தவறாமல் வந்துவிடுவான். தோட்டா வாங்க வருகிறேன் என்பான். வாங்குவது ஒரு பெட்டி, பேசுவது இரண்டு மணி நேரம்.

லாமாருக்கு அறுபத்தாறு வயது. முப்பத்துநான்கு வருஷமாகத் துப்பாக்கிக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பழுது பார்க்கிற மேஜை. அவரைப் போல வியாபாரம் தெரியாத வியாபாரியை நான் பார்த்ததில்லை. யாராவது ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து விசை கனமாக இருக்கிறது, குறி தப்புகிறது என்று புலம்புவான். லாமார் அதை வாங்கிப் பார்ப்பார், நாலு தடவை இழுத்து விடுவார், திருப்பிக் கையிலேயே கொடுத்துவிடுவார். "துப்பாக்கில ஒரு கோளாறும் இல்ல. ஒன் கண்ணுலதான் கோளாறு. கண்ணாடிய மாத்து." செய்யாத வேலைக்குக் கூலி வாங்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருவர் செவ்வாய்க்கிழமை அவரிடம் கைத்துப்பாக்கி வாங்கினார். படிவம் சரி, அரசாங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டதில் பதிலும் சரி. வெள்ளிக்கிழமை அந்த மனுஷன் இல்லை. தன் கையாலேயே போய்விட்டார். லாமார்மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் லாமார் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. "சிரிச்சுப் பேசிட்டுப் போனான்யா, எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு அட்டையை ஒட்டினார். "மனது சரியில்லையா? வீட்டில் யாருக்காவது சரியில்லையா? துப்பாக்கியைக் கொஞ்ச நாள் இங்கே கொடுத்து வையுங்கள். கேள்வி கேட்க மாட்டேன்."

நல்ல காரியம்தானே என்பீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. கடைக்காரனிடம் ஒரு துப்பாக்கி ஓர் இரவு தங்கினாலே பதிவேட்டில் ஏற வேண்டும். சொந்தக்காரன் திரும்ப வாங்க வரும்போது, புதிதாக வாங்குகிறவனைப் போலப் படிவம் எழுதி, போன் போட்டு, அரசாங்கம் சரி என்ற பிறகுதான் கையில் கிடைக்கும். பழுது பார்க்கக் கொடுத்ததென்றால் மட்டும் திருப்பித் தரப் படிவம் வேண்டாம். இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"என் சொந்தத் துப்பாக்கிய வாங்க நான் கவர்மெண்டுகிட்ட கைகட்டி நிக்கணுமா?" என்று முதலில் குதித்தது வில்மர் ரௌக்.

வில்மரும் லாமாரும் ஒரே வகுப்பு. பதினோரு வயதில் ஒரே மரத்தில் பலகை கட்டி மானுக்குக் காத்திருந்தவர்கள். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வில்மர், எங்கள் துப்பாக்கிச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளர். மாதாமாதம் சங்கத்தின் செய்தி மடலை அவர்தான் எழுதுவார், அதில் வாஷிங்டனிலிருந்து மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் வரை ஓர் அரசியல்வாதியையும் விட மாட்டார். ஆனாலும் லாமாரிடம் மட்டும் சண்டை சண்டையாகவே இருக்காது. காலையில் திட்டுவார், சாயங்காலம் அவர் வீட்டு அடுப்புக்கு விறகு பிளந்து போட்டுவிட்டுப் போவார்.

மார்ச் மாதம் வில்மரின் மனைவி எர்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஆள் ஆளாக இல்லை. சட்டையைக் கழற்றுவதே இல்லையோ என்று தோன்றும். தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. லாமார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பயமும் அப்போதே வந்துவிட்டது. வில்மர் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பார்.

செப்டம்பரில்தான் வினை வந்தது. கடைக்காரர்கள் இப்படித் துப்பாக்கி வாங்கி வைக்கும் திட்டத்தைப் பற்றி மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. லாமார் போய் ஆதரித்துப் பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் துப்பாக்கியே கூடாது என்கிற கூட்டம். மறுநாள் பத்திரிகையில் அவர்களோடு சேர்ந்து லாமாரின் படம். சங்கத்தில் தீப்பிடித்துக்கொண்டது.

அந்த மாதக் கூட்டத்துக்கு முப்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். சாதாரணமாகப் பத்துப் பேர் வந்தாலே அதிகம்.

"நம்ம காசுல வயிறு வளக்குறவரு நம்ம பக்கம் நிக்க வேணாமா?" என்று ஆரம்பித்தான் ஷெல்டன். முப்பது வயது, சுடச்சுடப் பேசுகிறவன். "இனிமே சங்கத்துக்குத் தோட்டா அவர்ட்ட வாங்கக் கூடாது. நெடுஞ்சாலைல பெரிய கடை இருக்கு, அங்க வாங்குவோம்."

"அந்தப் பெரிய கடையா?" என்று சிரித்தார் கிழவர் ஹார்வி. "ராணுவ மாதிரித் துப்பாக்கியே விக்க மாட்டேன்னு அலமாரியிலேர்ந்து எறக்கி வெச்சானே, அவன்கிட்டயா? ரொம்பத்தான் விசுவாசமானவன்! ஒன் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட அவனுக்குத் தெரியாதுடா."

"கம்ப்யூட்டர்ல வாங்குவோம்."

"வாங்கு, வாங்கு. பொட்டி வந்ததும் உள்ள ஒரு ஸ்க்ரூ கொறைஞ்சா யார்ட்ட ஓடுவ? லாமார்ட்டதானே ஓடுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே விட்டிருக்கலாம். ஹார்வி நல்லது செய்வதாக நினைத்து மேலே பேசினார். "ஏன்ப்பா லாமாரு, இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை? எவனாவது துப்பாக்கிய வெச்சுக்கச் சொன்னா, ரிப்பேர்னு எழுதி வெச்சுக்க. திருப்பிக் குடுக்க ஃபாரம் வேணாம், ஒண்ணும் வேணாம். சோலி முடிஞ்சுது."

"முடியாது" என்றார் லாமார். "என் புத்தகத்துல முப்பத்துநாலு வருஷமா ஒரு பொய் வரி கெடையாது. வெக்கணும்னா வெக்கணும்னு வாயத் தொறந்து சொல்லட்டும், கையெழுத்து போடட்டும். அதுல என்ன கேவலம்?"

வில்மர் எழுந்தார். "பாத்துக்கங்கப்பா. நான் இவ்வளவு நாளா இவன துப்பாக்கிக் கடைக்காரன்னு நெனச்சேன். கவர்மெண்டு குமாஸ்தா!"

கூடமே சிரித்தது. லாமாரின் முகம் சிவந்துவிட்டது. "பேசுடா, பேசு. ஒருநாள் நீயே என் கல்லாவுக்கு முன்னாடி வந்து நிப்ப. அப்ப பாத்துக்கறேன்."

என்ன நாக்கோ! அது வில்மரைப் பற்றிய பயத்தில் வந்த வார்த்தை, ஆனால் சவாலாகத்தான் வெளியே விழுந்தது. பத்தொன்பதுக்குப் பதினான்கு என்று வாக்கு, சங்கம் லாமாரிடம் வாங்குவதில்லை என்று முடிவு. வில்மர் வாக்குப் போட்டது எந்தப் பக்கம் என்று சொல்லவா வேண்டும். அதன் பிறகு இரண்டு பேரும் ஆறு வாரத்துக்கு மேல் பேசவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கடையில் லாமார் மட்டும். கதவைத் திறந்துகொண்டு வில்மர் வந்தார். கையில் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி.

"என்னடா, வழி தப்பி வந்துட்டியா?" என்றார் லாமார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

"வேற எவன்கிட்டப் போறது? இந்த விசை கொஞ்சம் இறுகுது. பாரு."

லாமார் வாங்கினார். காலி என்று பார்த்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் நீட்டி ஒரு தடவை இழுத்தார், மறுபடி இழுத்தார். வெண்ணெய் மாதிரி போனது. அந்த வசந்தத்தில் அவரே எண்ணெய் போட்டுக் கொடுத்த துப்பாக்கி அது.

"ஒண்ணுமே இல்லையேடா."

"இறுகுதுங்கறேன். பிரிச்சுப் பாரு. ஒனக்கு வேல நெறைய இருக்கும், மெதுவாப் பாரு. பனிக்காலம் கழிச்சு வாங்கிக்கறேன்."

"பனிக்காலம் கழிச்சா?"

"அவசரம் ஒண்ணுமில்ல."

லாமார் நிமிர்ந்து பார்த்தார். வில்மர் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மான் வேட்டைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சவரம் செய்து நாலைந்து நாளாகியிருக்கும். எர்மா பின்னிய பழுப்பு ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியாக, தையல் தெரியப் போட்டுக்கொண்டிருந்தார்.

லாமாருக்குப் புரிந்தது. புரியவில்லை என்று அவர் பின்னால் ஒருநாளும் சொன்னதில்லை. விசைக்காக வரவில்லை இவன், அட்டைக்காக வந்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே புரிந்தது. பேசாமல் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கூடம் முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. குமாஸ்தா! ஒரே ஒரு தடவை இவன் வாயால் கேட்கட்டுமே என்று நினைத்துவிட்டார். கேட்ட அடுத்த நொடியே கட்டிப்பிடித்துக்கொள்வதாகத்தான் எண்ணம்.

"இதுல ரிப்பேர் பண்ண எதுவும் இல்ல, வில்மர். நான் பொய் எழுத மாட்டேன்னு ஒனக்குத் தெரியும்." துப்பாக்கியைத் துணியின் மேல் வைத்தார். "வெச்சுக்கணும்னா சொல்லு. என்ன விஷயம்னு வாயத் தொறந்து சொல்லு, வெச்சுக்கறேன்."

வில்மர் அட்டையைப் பார்த்தார். சிரித்தார். "கேள்வி கேக்க மாட்டேன்னு எழுதி வெச்சுட்டு, போலீஸ்காரன் மாதிரி கேக்கறியேடா."

"சொல்லேன்டா."

"என்னத்தச் சொல்றது? விசை இறுகுச்சு, நீ இல்லங்கற. நல்லதாப் போச்சு." துணியை மடித்துச் சுற்றினார். "இந்தத் தடவை மேட்டுப் பக்கம் மான் நெறைய எறங்குதாம். ஷெல்டன் சொன்னான்."

"வில்மர், சாயங்காலம் வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"வா, வா. வர்றதுக்கு என்ன."

கதவு சாத்திக்கொண்டது. லாமார் பின்னாலேயே போயிருக்கலாம். இரண்டு வாடிக்கையாளர்கள் உள்ளே வந்தார்கள், ஒருவனுக்குத் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்த வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு, பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வில்மர் வீட்டுக்குப் போனார். புகைபோக்கியில் புகை இல்லை. கதவு பூட்டாமல் இருந்தது. அவர்தான் முதலில் பார்த்தார். அவரேதான் போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வரும்வரை வில்மரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எழுதியிருப்பேன்டா, என்ன வேணா எழுதியிருப்பேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் சாப்பாடு. சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து லாமாரின் கையைப் பிடித்தார்கள். ஷெல்டனின் கண்கள் வீங்கியிருந்தன. "அந்தத் தோட்டா முடிவ நாங்க ரத்து பண்ணிட்டோம் அண்ணே. பழையபடி ஒங்ககிட்டயே வாங்கறோம்" என்றான். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "அவரு கடைசி வரைக்கும் கொள்கைய விடலண்ணே. ஒரு ஃபாரத்துலயும் கையெழுத்து போடாமலே போயிட்டாரு" என்றான். லாமார் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வில்மரின் மகள் லொரெட்டா அவரைத் தேடி வந்தாள். ஒஹையோவில் இருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். துப்பாக்கிய ஒங்ககிட்டக் குடுத்துட்டு வரச் சொல்லி ஒரு மாசமா நான் அப்பாகிட்டக் கெஞ்சிட்டு இருந்தேன். புதன்கெழமை ராத்திரிதான் சரின்னாரு. 'நாளைக்கு லாமார்ட்டக் கொண்டு போறேன், நீ தூங்கு'ன்னாரு. நானும் நிம்மதியாத் தூங்கினேன். வந்தாரா மாமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேறு சாட்சி கிடையாது.

"வந்தான்மா. ரிப்பேர்னு சொல்லிக் கொண்டாந்தான். ரிப்பேர் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

"திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்றாள் அவள்.

"ஏன் கொண்டாந்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதாம்மா குடுத்தேன். அவன் வாயால ஒரு தடவ கேக்கணும்னு நெனச்சேன். கேட்டிருந்தா..."

"கேட்டிருந்தாவா?" என்றாள் லொரெட்டா. கோபமாகக்கூட இல்லை. "எங்கப்பா யார்கிட்டயாவது, எதையாவது, வாயத் தொறந்து கேட்டு நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

லாமார் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே, மேட்டு வயலைப் பார்த்தபடி, பதினோரு வயதிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தார். பனியில் வண்டி புதைந்தபோது, வேலை போனபோது, எர்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது.

"இல்லம்மா" என்றார். "ஒரு தடவகூட இல்ல. அவன் கேக்காமலே நான்தான் எப்பவும் போய் நிப்பேன்."