ஸ்லைடில் வைத்த பொட்டு

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்னும் குழப்பம்தான். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இறந்துபோன என் மனைவியின் படம் என்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்லைடுதான். பண்டமாரானில் அவள் வேலை செய்த வீட்டு இன்ஜினியர் எடுத்துக் கொடுத்தது. அட்டைச் சட்டத்துக்குள் சின்னதாக ஒரு பிலிம். விளக்குக்கு நேரே பிடித்தால் அவள் வாசலில் நிற்பது தெரியும். அதைச் சாமிப் படங்களோடு வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் என் அக்கா மற்ற படங்களுக்கு வைப்பதுபோல அதற்கும் குங்குமம் வைத்துவிடுவார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அம்மா படம் பெரிதாக மணவறைப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ஸ்லைடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிள்ளானில் பஸ் ஏறினேன். சட்டைப்பையைப் பொத்திய கையை வழி முழுக்க எடுக்கவில்லை.

கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“யாருண்ணே பொட்டு வச்சது? இவ்ளோண்டு படத்துல நெத்தி எங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டு முகத்தின் மேலேயே காய்ந்திருக்கிறது, அப்படியே ஸ்கேன் செய்தால் கறைதான் விழும் என்றார். துடைக்கலாமா என்று கேட்டேன். பிலிமில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கல் பக்கத்தில்தான் படத்தின் நிறம் இருக்கிறதாம். பொட்டு அங்கே இருந்தால், துடைக்கும்போது முகமும் சேர்ந்து வந்துவிடலாம்.

“அப்ப வேணாங்க. குடுத்துருங்க.”

“இருங்கண்ணே. எந்தப் பக்கம்னு மொதல்ல பாப்போம் லா.”

விளக்கடியில் ஸ்லைடைச் சாய்த்துப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவள் முகம் எனக்கே சரியாக நினைவில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“பளபளப்புப் பக்கந்தான்,” என்றார்.

பஞ்சுக் குச்சியை ஏதோ மருந்தில் நனைத்துத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. அது குங்குமமா, அவள் சேலையின் சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தூசியை ஊதிவிட்டு மெஷினுக்குள் வைத்தார். பெரிய படத்துக்கு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமாம். திரையில் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது: கூரை, கதவு நிலை, தலைமுடி. நெற்றி வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

“பாருங்கண்ணே. அண்ணி நல்லாத்தான் இருக்காங்க.”

முகம் இருந்தது. கன்னத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு மிச்சம். அதைக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிடலாம் என்று அவர் கையை நீட்டியதும் மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. இனி எதையும் தொட வேண்டாம், இப்படியே அடித்துக் கொடுங்கள் என்றேன்.

அப்படியேதான் மணவறைப் பக்கத்தில் வைத்தோம்.

இதை ஒருவழியாக எழுதி முடித்தது 16 ஆகஸ்ட் 1998, ஞாயிற்றுக்கிழமை.